சம்மந்தி வீட்டு மெமரிக்குப் பாதி வேகம்தான்

தம்பி,

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகை முடிந்த கையோடு, வரும் வெள்ளிக்கிழமை நீ மாப்பிள்ளையாகப் போய் இறங்கப்போகிற வீட்டு நடுக்கூடத்தில், ஒரு கையில் பாதி குடித்த நன்னாரி சர்பத்தும் மறு கையில் ஓரம் கடித்த சமோசாவுமாக நின்றுகொண்டு, உன் வாப்பாவாகிய நான் செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டேன். யாரும் மிரட்டவில்லை. நானாகத்தான், "ஆமா சம்மந்தி, அது பாதி வேக மெமரிதான், நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்றேன். சொன்ன உடனே மீதி சமோசாவை முழுசாக வாயில் திணித்துக்கொண்டேன், இதற்கு மேல் எதுவும் வெளியே வந்துவிடக் கூடாதே என்று.

இதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நாலாவது வரியிலேயே "என்ன வாப்பா பண்ணி வச்சிருக்கீங்க" என்று பதில் அடிப்பாய், மீதியைப் படிக்கமாட்டாய். அதனால் ஈமெயில். நாளைக்குச் சென்னையில் ரயில் ஏறுகிறாய். அதிராம்பட்டினத்தில் இறங்குவதற்குள் இதைப் படித்து முடித்து, வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். இந்தக் கடிதத்தின் சாரமே அதுதான், மற்றதெல்லாம் அதற்கான கெஞ்சல். வேறு யார் கண்ணிலாவது பட்டுவிடுமே என்று கவலைப்படாதே. கல்யாணம் முடிந்து சில மாதம் போனதும் நம் ஊர்க்காரர்கள் படிக்கிற வலைப்பக்கத்திலேயே இதைப் போடுவதாக இருக்கிறேன். நடுவில் பிராசசர், மெமரி, பஸ் என்று வந்துவிட்டால் நம் ஊரில் ஒருத்தரும் அதைத் தாண்டிப் படிக்கமாட்டார்கள். ரகசியத்தை ஒளித்துவைக்க இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கடையில் உட்கார்ந்து நிம்மதியாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், தெருவின் இரண்டு முனையையும் பார்க்கிறேன். உன் மாமனாரின் ஸ்கூட்டர் மாதிரி ஏதாவது சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவந்து பிரிண்டருக்குப் பின்னால் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொள்கிறேன். உன் உம்மா வேறு விடாமல் போன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். "பந்தக்காரங்க கம்பு இறக்கிட்டாங்க, நீங்க எங்க?" "கடையில." "கடையில யாரு இருக்கா?" "யாரும் இல்ல." "அப்ப நீங்க ஏன் இருக்கீங்க?" இந்தக் கேள்விக்கு நானும் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டுக்குப் போன கதையை நீ பாதிதான் கேட்டாய், மீதிப் பாதியில் கத்த ஆரம்பித்துவிட்டாய். நிச்சயம் முடிந்த மறுவாரம் உன் மாமனார் கடைக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், சம்மந்தி கடை இருக்கும்போது பட்டுக்கோட்டைக்கு எதற்குப் போக வேண்டும் என்றார். பாவம், வலையோ ஐஸோ நெல் மூட்டையோ, எதை வாங்கினாலும் பேரம் பேசியே வளர்ந்த மனிதர். என்னிடம் பேச வாய் வரவில்லை. நான் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டிவிட்டு, பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார். அந்தப் பேசாத பேரம் அவர் வயிற்றுக்குள்ளேயே கிடந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல சாமானாகத்தான் போட்டேன். பிராசசர் 3.6 கிகாஹெர்ட்ஸ். மெமரிக் குச்சியின் மேலேயே 3200 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் உன் மச்சான் நவாஸ் துபாயிலிருந்து லீவில் வந்தான். அங்கே ஓர் அலுவலகத்தில், யாருடைய கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிற வேலை. திறமைசாலிதான், இல்லை என்று சொல்லவில்லை. வந்தவன் சும்மா இருக்காமல், மெஷின் உள்ளே இருப்பதையெல்லாம் புட்டுப்புட்டு வைக்கிற ஏதோ இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்திருக்கிறான். மெமரியின் வேகம் என்கிற இடத்தில் 1600 என்று காட்டியிருக்கிறது. பெட்டியைக் கழற்றி ஸ்டிக்கரைப் படித்திருக்கிறான். "மேல 3200, உள்ள 1600. பாதி! வாப்பா, பாதிக்குப் பாதி!" என்று கூடத்திலிருந்து அவன் போட்ட சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்றவர், தொழுது முடித்த கையோடு என் காதருகே குனிந்து, "காக்கா, என் மவனுக்கு உங்ககிட்ட வாங்கின லேப்டாப்பு முழு வேகம்தானே?" என்றார்.

உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீ சிப்புகளைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன். "வாப்பா, டபுள் டேட்டா ரேட். இதுகூடத் தெரியாதா அவனுக்கு? நான் வர்றேன். நிக்காஹ்வுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி அவங்க எல்லாரையும் உக்கார வச்சு ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டுறேன்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். அந்த நவாஸ முன் வரிசையில."

ப்ரொஜெக்டருக்கும் சொல்லிவைத்துவிட்டேன் என்றாய். அன்றோடு போயிற்று என் தூக்கம். நீ தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நீ சொன்னது அத்தனையும் சரி, அதுதான் பயமே.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், மனசு ஆறட்டும். பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவில் தகவல் போய்வருகிற பாதைக்குத்தான் பஸ் என்று பெயர். போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு இருக்கிறது, நூறு மெகாஹெர்ட்ஸ், விநாடிக்குப் பத்துக் கோடித் தட்டு. பிராசசர் அதை முப்பத்தாறால் பெருக்கிக்கொண்டு 3.6 கிகாஹெர்ட்ஸில் பறக்கிறது. மெமரி அதே துடிப்பைப் பதினாறால் பெருக்கிக்கொண்டு 1600-இல் ஓடுகிறது. தாளம் ஒன்று, ஆளுக்கு ஒரு பெருக்கல். நான் கடை போட்ட புதிதில் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே பொதுப்பாதை இருந்தது. அதன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பிராசசர், மெமரி எல்லாம் சேர்ந்தே ஏறும், சூடு தாங்காமல் மெஷின் மயங்கி விழும். இப்போது மெமரியின் கடிவாளம் பிராசசருக்குள்ளேயே போய்விட்டது, ஒன்றை விட்டு ஒன்றை ஏற்றலாம், இறக்கலாம். இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டதே கடை ஆரம்பித்து வெகுகாலம் கழித்துத்தான். அதுவரை பிராசசர் நம்பரை மட்டும் உரக்கச் சொல்லி வியாபாரம் பண்ணினேன். வாங்கியவர்களும் அந்த நம்பரை மட்டும் உரக்கக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

சரி, 1600 எப்படி 3200 ஆகிறது? நம் ஊர்க் கல்யாணத்தில் சமையல் கொட்டகையிலிருந்து பந்தல் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று சகனைக் கைமாற்றுவார்களே, அதை நினைத்துக்கொள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டு ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். வரிசையின் தலையில் நிற்கிறவர் குரல் கொடுப்பார், அந்தக் குரலுக்குத்தான் எல்லாக் கையும் அசையும். பழைய மெமரியில் ஒரு குரலுக்கு ஒரு சகன். இந்தக் காலத்து மெமரியில் குரல் எழும்போது ஒரு சகன், அதே குரல் அடங்கும்போது இன்னொரு சகன். குரல் 1600, பந்தலில் வந்து இறங்கிய சகன் 3200. மென்பொருள் குரலை எண்ணிக் காட்டியது. குச்சியில் ஒட்டியவன் சகனை எண்ணி ஒட்டினான். இரண்டும் பொய்யில்லை. நவாஸ் கொட்டகைப் பக்கம் காதை மட்டும் வைத்துக்கொண்டு பாதிச் சோறுதான் வந்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டான்.

இந்த உதாரணம் உன் மாமனார் கூடத்தில் வாயில் வந்திருந்தால் கதையே வேறு. திரும்பி வரும்போது, மீன் மார்க்கெட் திருப்பத்தில், சைக்கிளில்தான் வந்தது. அங்கே நான் பேசிய லட்சணம் இதுதான்.

"சம்மந்தி, ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தகவல் போகும். அதனால 1600ன்னா 3200ன்னு கணக்கு."

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணுவீங்களா சம்மந்தி?"

"இல்ல இல்ல. துடிப்பு ஒண்ணு, தகவல் ரெண்டு."

நவாஸ் கதவில் சாய்ந்துகொண்டு, "மாமா, அப்ப சமோசாவக் கடிக்கிறப்ப ஒண்ணு, மெல்லுறப்ப ஒண்ணுன்னு எண்ணிக்கலாமா?" என்றான். உள் அறையில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது அந்தக் கேலி. பிறகு புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு வாய்க்கால், மடை என்று ஆரம்பித்தேன். அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. நாம் கடைமடைக்காரர்கள் என்பதே அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு பேப்பர்ல பெருசாப் போடுவான். நம்ம வயலுக்கு வந்து சேர்றது பாதி. நீங்களும் அதையேதான் சொல்றீங்க சம்மந்தி" என்றார்.

அப்புறம் ஒன்று செய்தார். குரலைத் தணித்தார். "அது கிடக்கட்டும். எங்க புள்ளையோட பெரியப்பா சிங்கப்பூர்லேருந்து வரணும்ங்கிறாங்க. தேதியக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா?" என்றார்.

தேதியைத் தள்ளிவைப்பது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சண்டை போடமாட்டார்கள். பெரியப்பா வரமாட்டார், அப்புறம் மழை வரும், அப்புறம் வேறொரு மாப்பிள்ளை வருவான். ஷிஃபானாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாயே, அதை நானும் உன் உம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அது ஒரு பக்கம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. இன்னொரு பக்கம் நீ ப்ரொஜெக்டரோடு ரயிலில் இருந்து இறங்குகிற காட்சி. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒப்புக்கொண்டேன்.

அந்த மனிதர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "சம்மந்தி! மனுசன்னா தவறாதா? இதுக்குப் போயி இவ்வளவு நேரமா இழுத்தீங்க?" என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னொரு சமோசா வந்தது. வயிற்றில் கிடந்த பேரம் அன்றைக்குத்தான் இறங்கியது அவருக்கு. சம்மந்தி தன்னை ஏமாற்றியிருப்பானோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, ஏமாற்றித்தான் இருக்கிறான் என்று தெரிந்ததும் அப்படி ஒரு நிம்மதி. மன்னிக்கிற சந்தோஷத்தில் தேதியைப் பற்றி அவரே பேசினார். "அது எதுக்குத் தள்ளணும்? சிங்கப்பூர்க் காக்கா வர்றப்ப வரட்டும்." உன் மாமி உள்ளேயிருந்து, "சம்மந்தி ரொம்ப வெள்ளந்தியான மனுசர்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. இத்தனை வருஷம் ஒழுங்காக வியாபாரம் பண்ணியபோது இப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை, முழு வேக மெமரியாக மாற்றிக்கொள்ள நவாஸே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த மெமரியைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, அதையே அதே இடத்தில் மாட்டினேன். மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மென்பொருளைத் திறந்தால் மறுபடியும் 1600 என்றுதானே காட்டும்? நவாஸ் திறக்கத்தான் போனான். உன் மாமனார் அதட்டினார். "சம்மந்தி வாயால ஒத்துக்கிட்டு சரி பண்ணிக் கொடுத்திருக்காரு. இன்னும் என்னடா சோதனை?" அவன் கையை எடுத்துவிட்டான். பொய்தான் தம்பி, பொய் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் உண்மை பேசியபோது சோதித்தார்கள், பொய் சொன்ன பிறகு நம்புகிறார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உன் விஷயம். மற்ற ஊர்களில் பெண்ணை அனுப்பிவைக்கிறார்கள், நாம் பையனை அனுப்பிவைக்கிறோம். இரண்டு தெரு தள்ளித்தான் போகிறாய், ஆனாலும் போகிறாய். நாம் இருக்கிற வீடும் எனக்கு அப்படி வந்த வீடுதான், உன் உம்மாவின் வீடு. வந்த முதல் வாரம், கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து உன் உம்மாவின் வாப்பா, கடல்காற்று எதிர்த்து அடிப்பதால் அப்படி என்றார். விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். நான் சும்மா இருந்தேனா? "காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா, கெப்பாசிட்டர் போச்சு" என்றேன். "அப்படியா மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கப்புறம் அவர் காலம் முடியும்வரை அந்த வீட்டில் எது கெட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும், ஆடு தின்னாமல் படுத்துக்கொண்டாலும், "மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்பார். நானும் போய் ஆட்டின் முன்னால் நிற்பேன்.

நீ வேகமான பிள்ளை. சிறுவயதிலிருந்தே, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் உன் வேலையிலேயே பார், பிராசசர் எவ்வளவு பறந்தாலும், கேட்ட தகவலின் முதல் துண்டு மெமரியிலிருந்து வந்து சேர்வதற்குள் அதற்கு நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகப் போய்விடுகின்றன. மெமரியின் நம்பரை எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் காத்திருப்பு முழுசாகப் போவதில்லை. அது என்ன செய்கிறது? அடிக்கடி வேண்டியதைக் கொஞ்சம் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது, வரும்வரை வேறு வேலையைப் பார்க்கிறது. மெமரியைப் பார்த்துக் கத்துகிற பிராசசர் எதுவும் இதுவரை என் கடைக்குப் பழுதுபார்க்க வரவில்லை. சகனில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். உனக்குப் பசி தீர்ந்துவிட்டது என்பதற்காக, மற்றவர்கள் கை வைத்திருக்கும்போது எழுந்து போகமுடியாது.

அதனால் ப்ரொஜெக்டரை வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை நவாஸ் உன் காதில், "மச்சான், உங்க வாப்பா குடுத்த பாதி மெமரி" என்று ஆரம்பித்தால் சிரித்துவிடு. அவன் கேலி உண்மையிலேயே நன்றாக இருக்கும், கஷ்டப்பட்டுச் சிரிக்க வேண்டியிருக்காது. ஷிஃபானாவிடமும் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. அவள் அந்த வீட்டுப் பெண், வாப்பாவையும், காக்கா என்று அவள் கூப்பிடுகிற அண்ணன் நவாஸையும் விட்டுக்கொடுக்கமாட்டாள். உள்ளே சிரித்தவர்களில் அவளும் இருந்தாளோ என்னவோ. நான் திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கொன்றும் குறைந்துவிடாது. உன் உம்மா திரும்பவும் கூப்பிடுகிறாள். முடித்துவிடுகிறேன்.

முடிக்க விடவில்லை. அனுப்பப்போகிற நேரத்தில் ஷிஃபானாவிடமிருந்து எனக்கே ஒரு வாட்ஸப். "மாமா, ஸலாம். காக்கா சத்தம் போட்ட அன்னைக்கே நான் டாஸ்க் மேனேஜரத் தொறந்து பார்த்தேன், 3200ன்னுதான் இருந்திச்சு. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கப்ப எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். இப்ப நீங்க சரி பண்ணி அனுப்பினதுல 2133ன்னு காட்டுது."

தம்பி, அவள் திறந்த டாஸ்க் மேனேஜர் குரலை விட்டுவிட்டுச் சகனை எண்ணிக் காட்டுகிற வகை. போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்குமே, கைப்பழக்கத்தில் அதையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். அது கழன்றால் போர்டு தனக்குச் சொல்லிவைத்ததையெல்லாம் மறந்துவிடும், மெமரியைப் பத்திரமான குறைந்த வேகத்தில்தான் ஓட்டும். நாம் உள்ளே போய் 3200 என்று மறுபடியும் சொல்லித்தர வேண்டும். நான் சொல்லித்தரவில்லை.

கீழே இன்னொரு வரியும் அனுப்பியிருக்கிறாள்: "வாப்பாவும் காக்காவும் இப்பதான் மெஷின் பறக்குதுன்னு சொல்றாங்க மாமா."